நான் வீசிய வெள்ளைத் துண்டு

1

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். ஒரே வார்த்தைதான். ஆனால் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. இங்கே யாரிடமும் அதைப் பற்றிப் பேச முடியாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கல்கரியில் நான் ஒரு பறவை பார்ப்போர் சங்கத்தில் உறுப்பினன். மே மாதக் கடைசியில்தான் இங்கே வசந்தம் என்ற பேச்சையே எடுக்க முடியும். அப்போதும் காலையில் கையுறை வேண்டும். விடிந்தும் விடியாமலும் நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு சதுப்பு ஏரிக்குப் போய் வரிசையாக நிற்போம். பிளாஸ்க்கில் காப்பி, கழுத்தில் பைனாகுலர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலடி பின்னால் போய்த் தும்முகிற கூட்டம். சங்கத்துக்கு விதிகள் உண்டு. கூட்டின் கிட்டே போகக் கூடாது. போனில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றிக் கூப்பிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்துக்காகப் பறவையை விரட்டிப் பறக்கவிடக் கூடாது. அதாகப் பறந்தால் எடு, இல்லாவிட்டால் சும்மா நில். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த விதிகளைச் சொல்லிக்கொடுப்பது போன வருடத்திலிருந்து என் வேலை. சிரிக்காதீர்கள்.

அன்றைக்கு எங்கள் குழுவை நடத்திச் சென்ற மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, புதியவர்கள் நடுவில் என்னை நிறுத்தி, "இவர்தான் அந்தப் படத்தை எடுத்தவர்" என்று அறிமுகம் செய்தார். நான் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் கண்மாயில் எடுத்த படம். கரண்டிவாயன்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் மொத்தமாகத் தண்ணீரை விட்டு எழும்புகின்றன. பின்னால் இளவெயில். அடியில் மங்கலாக ஜனங்கள் ஓடிவருகிறார்கள். சங்கத்தின் கண்காட்சியில் அதைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். மார்கரெட் கேட்டார், அத்தனையும் ஒரே நேரத்தில் எப்படி எழும்பின என்று.

"அதிர்ஷ்டம்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகள் இனியா பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது. எட்டு வயதிலிருந்து இந்த நடைகளுக்கு என்னோடு வந்துகொண்டிருந்தவள். இப்போது கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் என்னோடு பறவை பார்க்க வருவதில்லை. காலையில் கதவைத் தட்டினால், தூக்கம் வருகிறது என்கிறாள்.

2

எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே பிரிந்து போகும் சாலையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். தெரிந்தவர்கள் படித்தால் மச்சானுக்குத்தான் சங்கடம்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர் செல்லத்துரை. நாலு ஏக்கர் விவசாயி. ஊரில் ஒரு தகராறு என்று யாராவது வந்து கூப்பிட்டால், சாப்பிடுகிற தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போகிற ஆள். அக்கா அதற்குத் திட்டாத நாள் கிடையாது. எங்கள் அப்பாவும் அம்மாவும் போன பிறகு, தெற்குத் தெருவில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்ட அக்கா, வெள்ளிக்கிழமைதோறும் அதைத் திறந்து கூட்டி விளக்கேற்றுகிறாள். ஊருக்குப் போனால் அவள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும்.

ஆறு வருடம் கழித்து இனியா வந்திருந்தாள். அவள் தமிழ் அக்காவுக்குத் தினசரி வேடிக்கை. முதல் நாளே, "அத்தை, நான் ஒரு குளி எடுக்கிறேன்" என்றாள். அக்கா இரண்டு நாளைக்குத் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாள். மச்சானையும் கோயில் பூசாரியையும் நாய்க்குட்டியையும் இனியா ஒரே மாதிரி "நீ" என்றுதான் கூப்பிட்டாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுப் பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் முகம் சுண்டியது.

நாங்கள் போன நேரம் கண்மாய் வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஒருநாள் குறித்து ஊரே சேர்ந்து மீன் பிடிக்கும். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடிவதற்குள் கண்மாயைச் சுற்றி ஜனம் வந்து நிற்கும். அய்யனாருக்குப் பூசை முடிந்ததும் ஒருவர் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசிவிட்டால் அவ்வளவுதான், அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள். பிடித்தது பிடித்தவருக்கு. அன்றைக்கு வேறு ஒருவரும் வெள்ளைத் துண்டு கொண்டுவர மாட்டார்கள். தலைப்பாகைகூடச் சிவப்பிலோ பச்சையிலோதான் இருக்கும்.

எங்கள் ஊரில் அந்தத் துண்டை வீசும் உரிமை வடக்குத் தெருவில் ஒரு குடும்பத்துக்கு. பெரியசாமி என்று என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா இருந்தவரை அவர்தான் வீசினார். அவர் காலமானதும், மகன்தான் வீச வேண்டும் என்று வடக்குத் தெரு சொன்னது. காலத்துக்கும் ஒரே வீடா, தெருவுக்குத் தெரு முறை வைப்போம் என்று எங்கள் தெற்குத் தெரு சொன்னது. பேச்சு முற்றிக் கைகலப்பாகி, போலீஸ் வந்து, மீன்பிடியே நின்றுபோனது. நாலைந்து வருடமாகக் கண்மாய் வற்றுவதும் மீன் சேற்றில் செத்து நாறுவதும்தான் நடந்தது.

மச்சான்தான் இரண்டு தெருவுக்கும் நடையாய் நடந்து சமாதானம் செய்தார். இனிமேல் முறை வைத்துக்கொள்வது. முதல் முறை பெரியசாமிக்கு, அடுத்த வருடம் தெற்குத் தெருவுக்கு. தெற்குத் தெரு நடுவில் புகுந்து குழப்பம் செய்யாது என்று மச்சான் பெரியசாமி வீட்டுக்கே போய், அவன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் பறவைகளைப் படம் எடுக்கக் கண்மாய்க்குப் போகிறேன் என்றதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, படம் எடு, பறவயப் பாரு, என்னமும் பண்ணிக்க. பெரியசாமி வீசுற வரைக்கும் கம்மாக்குள்ள மட்டும் கால வச்சுராத. நான் வாக்குக் குடுத்துருக்கேன்."

வெள்ளைத் துண்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைக்கூட எனக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

3

நானும் இனியாவும் இருட்டோடு கிளம்பிக் கலிங்குக்குப் போய்விட்டோம். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்லணைதான் கலிங்கு. கரையின் கிழக்குக் கோடியில் மேடாக இருக்கும். அய்யனார் கோயில் மேற்குக் கோடியில், அரசமரத்துக்குப் பின்னால். மச்சான் சொன்னபடி தண்ணீரில் கால் வைக்கவில்லை. கல்லின் மேல்தான் நின்றேன். அந்த மட்டுக்கு நான் யோக்கியன்.

வெளுக்க வெளுக்கக் கூட்டம் தெரிந்தது. கண்மாயைச் சுற்றி ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கையில் ஊத்தா என்கிற மூங்கில் கூடை, வலை, கொசுவலை, பழைய சேலை, எது கிடைத்ததோ அது. வாலாட்டிக்கொண்டு நாய்களும் வந்திருந்தன. நடுவில் மிஞ்சியிருந்த தண்ணீரில் பறவைகள் அவை பாட்டுக்கு மேய்ந்தன. கூழைக்கடாக்கள், நாரைகள், சின்னக் கொக்குகள், தண்ணீரில் அலகை இப்படியும் அப்படியும் ஆட்டி அளைகிற கரண்டிவாயன்கள். இவ்வளவையும் ஒரே இடத்தில் நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. இனியா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் அப்படிச் செய்து பல வருடம் ஆகிறது.

கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெயில் மஞ்சளாகத் தண்ணீரில் விழுந்தது. அந்த நிறம் கொஞ்ச நேரம்தான் நிற்கும், பிறகு வெளிறிவிடும். பறவைகள் தலை நிமிரக்கூட இல்லை. பூசை முடிந்து கூட்டம் இறங்கினால் எல்லாம் சிதறிப் பறக்கும், அதற்குள் வெயிலும் ஏறிவிடும். கண்காட்சிக்குப் படம் அனுப்பும் கடைசி நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை ஆட்டினால் போதும் என்று தோன்றியது.

கழுத்தில் ஒரு துண்டு கிடந்தது. கல்கரியிலிருந்து கொண்டுபோன குளியல் துண்டு. வெள்ளை. நான் அதை உருவியதும் இனியாவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, வேண்டாம்" என்றாள் மெதுவாக. "நம்ம ரூல்ல அது கூடாது."

"அந்த ரூலெல்லாம் அங்க. இது நம்ம ஊரு" என்றேன்.

தலைக்கு மேல் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றினேன். கூழைக்கடா ஒன்று முதலில் எழும்பியது, அதைப் பார்த்து மற்றவை. ரிமோட்டை விடாமல் அழுத்தினேன். அதே நேரம் கண்மாயின் நாலு பக்கமும் ஓவென்று ஒரு சத்தம். பறவைகள் எழும்பிய அழகைப் பார்த்து ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பறவைகளிலிருந்து கண்ணை இறக்கிப் பார்த்தால் கரையெல்லாம் சரிந்து இறங்குகிறது. ஊத்தாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் சேற்றில் விழுந்து எழுந்து ஓடுகிறார்கள்.

துண்டு இன்னும் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். பிறகுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இந்தக் கண்மாயில் நான் எத்தனை தடவை, அரைக்கால் டவுசரை இடுப்பில் சுருட்டிக்கொண்டு, எப்போது வீசுவார்கள் என்று கண்கொட்டாமல் நின்றிருக்கிறேன். அப்படி நின்றவனுக்கு இது எப்படி மறக்கும்? மறந்திருந்தது.

4

துண்டைக் கையில் பிடித்தபடியே கரை வழியாகக் கோயிலுக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பூசாரி சூடத்தட்டோடு அப்படியே நின்றார். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பெரியசாமி புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, மடிப்புக் கலையாத துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். அவன் மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில். பெரிய பையன் படம் பிடிக்கப் போனைத் தயாராகத் தூக்கி வைத்திருந்தான்.

வடக்குத் தெரு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் மச்சானைச் சூழ்ந்துகொண்டார்கள். "மச்சினன வச்சு வீசிப்புட்டியேய்யா. வாக்குக் குடுக்குற மொகமா இது?" என்று ஒருவர் கேட்டார். மச்சான் அய்யனார் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார். யார் காதில் விழும்? தெற்குத் தெருப் பையன்களும் ஓடிவந்தார்கள். ஊத்தாக்கள் ஓங்கின. நான் உள்ளே நுழைந்து, தப்பு என்னுடையது, அவருக்கு ஒன்றும் தெரியாது, மறந்துவிட்டேன் என்று ஏதேதோ சொன்னேன். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். பதற்றத்தில் எனக்கு "சாரி"தான் திரும்பத் திரும்ப வந்தது.

அந்த "சாரி"யைக் கேட்டதும்தான் மச்சானுக்கு வழி தோன்றியிருக்க வேண்டும். என் தோளைப் பிடித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினார்.

"இவன நல்லாப் பாருங்கப்பா. இவனா ஊர்க்காரன்? இருவது வருசமா கனடாவுல கெடக்கான். இவனுக்கு என்னா தெரியும்? எவனோ வெளியூரான் துண்ட ஆட்டுனான். அது கணக்குல வராது. பெரியசாமி, நீ வீசு."

பெரியசாமி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு கரையில் ஏறினான். கண்மாய்க்குள் ஜனம் இடுப்புச் சேற்றில் குனிந்து மீன் துழாவிக்கொண்டிருந்தது. கரையில் நின்று பார்க்க ஒருவரும் மிச்சமில்லை. அவன் துண்டைப் பிரித்து உதறி, முறைப்படி வீசினான். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

5

கனடாக் குடியுரிமை வாங்கியபோது இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஏகப்பட்ட படிவம், போட்டோ அளவு தப்பு, கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஓட்டை போட்டு, ரத்து என்று முத்திரை குத்தி வந்தது. நண்பர்கள் மனசு கஷ்டமாக இல்லையா என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் என் தலைக்கட்டு இருக்கிறதே என்று பெருமையாகச் சொன்னேன்.

கல்யாணமான ஒவ்வொரு ஆணையும் ஊர் ஒரு தலைக்கட்டாகக் கணக்கு வைக்கும். கோயில் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விழும். வரி கட்டுகிறவன் ஊர்க்காரன். என் வரியை ஒரு வருடம்கூட விடாமல் மச்சான் மூலமாகக் கட்டிவந்தேன். பாஸ்போர்ட் போனாலும் அது இருக்கிறது என்று விருந்துகளில் பலரிடம் அளந்திருக்கிறேன். இனியாவுக்கும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். யாராவது எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால், கல்கரியில் பிறந்தவள், எங்கள் ஊர் பெயரைச் சொல்வாள்.

6

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். வீட்டுக்கு வீடு மீன்குழம்பு வாசம். காலையில் எல்லோரும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அக்கா வீட்டில் மட்டும் அன்றைக்கு மீன் இல்லை. மச்சான் கண்மாயில் இறங்கவே இல்லை.

நான் ஒரு முடிவோடுதான் போனேன். தப்புச் செய்தவன் ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும், கோயிலுக்கு விளக்கெண்ணெய் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. விழுவதற்கு நான் தயார். பெரியசாமி காலிலேயே விழவும் தயார். எழுந்து அதைச் சொன்னேன்.

வடக்குத் தெருவில் ஒரு பெரியவர் உடனே பிடித்துக்கொண்டார். வரி கட்டுகிறான், தெற்குத் தெருத் தலைக்கட்டு, இப்போது ஊர் வழக்கப்படி விழுகிறேன் என்றும் சொல்கிறான். அப்படியானால் இந்த வருடம் தெற்குத் தெருதான் வீசியிருக்கிறது. வாக்கை மீறியது செல்லத்துரை. இனி முறையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அவர் பேசப் பேச, காலையில் அடங்கியது மறுபடி கிளம்பியது. பின்னால் பையன்கள் எழுந்து நின்றார்கள். நான் விழுந்தால் மச்சானைக் கீழே தள்ளிவிட்டுத்தான் விழ முடியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழாதே என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

பெரியசாமி கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினான்.

"முத்து, நாம ஒன்னாப் படிச்சவங்க. ஒம்மேல எனக்கு ஒன்னுங் கெடையாது. செல்லத்தொரை சொன்னது நெசமா இருந்தா, வெளியூரான் தெரியாம செஞ்சதுன்னு விட்டுப்புட்டுப் போயிரலாம். அத ஒன் வாயால சொல்லிப்புடு. நீ இந்த ஊரா, இல்லையா?"

அவனுக்குத் தெரியாதா? என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் எனக்கும் மச்சானுக்கும் ஒரு வழி திறந்துவிட்டான், நல்ல எண்ணத்தில்தான். வெறுப்பில் கேட்டிருந்தால்கூட நான் வீம்பாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இல்லப்பா" என்றேன். பின்னால் கேட்கவில்லை என்றார்கள். மறுபடி சொன்னேன். "நான் இந்த ஊர் இல்ல."

யாராவது ஒருவர், ஏன்டா அப்படிச் சொல்கிறாய் என்று தடுப்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். ஒருவரும் தடுக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. பையன்கள் உட்கார்ந்தார்கள். தெற்குத் தெருக் கணக்கில் ஒரு தலைக்கட்டைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள், முறை அப்படியே நடக்கட்டும் என்று முடித்தார்கள். மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீ வந்தது. முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுத்தார்கள், விருந்தாளி என்று.

பெண்கள் பக்கத்தில் அக்கா எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். இனியா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து அத்தையின் பின்னால் போனாள்.